உடலுக்கு அறுநூறு

தலை வாட்ஸப்பில் வந்தது.
மகால் முதலாளியின் மருமகள்,
ஊட்டியில் எடுத்த படம்.
நெற்றிக்கு ஏற்றிய கறுப்புக் கண்ணாடியை நீக்கிவிட்டு
கிரீடம் வைக்கச் சொன்னார்களாம்.

உடல் ராணிப்பேட்டையிலிருந்து
பஸ் ஏறி ஞாயிறுதோறும் வந்தது.
பெயர் பச்சையம்மா.
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன்.
நின்றால் நாளுக்கு அறுநூறு, மதியம் பிரியாணி.

சத்துவாச்சாரியில் மொட்டைமாடி அறை.
ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன்.
வேணுராஜுவுக்கே தலைவலி வரும்.
தோல்மண்டிக்குப் பின்சந்தில் பிறந்தவளுக்கு
அது பன்னீர்.

"கையில் குடம் இருக்கிற மாதிரி நில்லு."
குடம் இல்லை.
ஆற்றுமணலைப் பிடித்தே குடமாக்கியவளாம் ரேணுகா.
தண்ணீருக்குள் ஒருநாள்
வானத்தில் போகிறவன் முகத்தைப் பார்த்தாள்,
மணல் மணலாயிற்று.
மகன் கோடரியோடு வந்தான்.
கதை எனக்குத் தெரியும், படவேட்டில் மொட்டை போட்டவள்தான்.
ஓடிவந்தவளைச் சேரியில் ஒருத்தி கட்டிக்கொண்டாள்.
ஒரே வீச்சு, இரண்டு கழுத்து.
உயிர் கொடுக்கும் அவசரத்தில் தலை மாறிப்போனது.
கட்டிக்கொண்டவள் பெயரை
இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முகம் தெரிகிற தண்ணீர் தேடி
கேமராவோடு பாலாற்றுக்குப் போனார்.
ஆறு இல்லை, மணல்கூட இல்லை,
லாரி விட்டுப்போன குழியில்
முழங்கால் தண்ணீர், மஞ்சளாக.
அதையே வரைந்தார். டியூபைக் காட்டி
"குரோம் மஞ்சள்" என்றார்.
தெரியும் சார், தோல் ஊறவைக்கிற குரோம்,
எங்கண்ணன் விரலில் ஓட்டை போட்டது என்றேன்.
மூடியை இறுக்கி மூடினார்.

முதலில் என்னைப் பச்சையாகத்தான் வரைந்தார்.
கால், தொடை, இடுப்பு, எல்லாம் பாசிநிறம்.
அடியில் பச்சை இருந்தால்தான்
மேலே சதை சூடாகுமாம்.
பெயர் வைத்தவனுக்கே தெரியாதது சார் என்றேன்.
சிரிக்கவில்லை. கழுத்தில் இருந்தார்.

மூன்று வாரம் காயவில்லை அந்தக் கழுத்து.
தலை கோதுமை.
நான் நான்தான்.
இரண்டும் தொடுகிற இடத்தில் அட்டிகை போட்டார், சுரண்டினார்.
மாலை போட்டார், சுரண்டினார்.
முதலாளி வந்து பார்த்துவிட்டு,
"இன்னாபா இது, உடம்ப கொஞ்சம் வெளுப்பா போடு,
அம்மன் இல்லியா?"
ஜிங்க் வெள்ளை இரண்டு டியூப் தீர்ந்தது.
என்னை வெளுக்கும்போதும்
நான் நிற்கவேண்டியிருந்தது, ஏனோ.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள்
சிரசு ஊர்வலம் பார்த்திருக்கிறேன்.
ஊரே தலைக்குப் பின்னால் போகும்.
உடல் நடக்காது,
கோயிலில் காத்திருக்கும்.

நாலு வருஷம் கழித்து
சூப்பர்வைசர் தங்கச்சி கல்யாணம், அதே மகால்.
கைகழுவப் போகிற வழியில் மாட்டியிருந்தார்கள்.
எண்ணெய்ச்சாயம் வயதாக ஆகக் கண்ணாடியாகுமென்று
அவர் சொல்லியிருந்தார்.
முழங்கைப் பக்கம் வெள்ளைக்கு அடியில்
லேசாகப் பச்சை. டியூப்லைட்டாகவும் இருக்கலாம்.
கட்டைவிரலில் ஊசி ஏறிய தழும்பு அப்படியே.

தலை வேறு.

மூத்த மருமகள் கோர்ட்டுக்குப் போய்விட்டாளாம்.
இது சின்னவள்.
வேணுராஜு கைவேலை இல்லை,
மூக்குத்தியைப் பொட்டு மாதிரி அப்பியிருந்தான் எவனோ.
கழுத்து பளபளத்தது,
தொட்டால் ஒட்டும்போல.

பார்த்துக்கொண்டே நின்றேன்.
பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு
படத்தின் பாதத்தைத் தொட்டுக்
கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்குக் கால் கூசியது.